படப்பிடிப்பு பார்க்க வந்தவரை இரவு தங்க வைத்த கதை: ஸ்டுடியோ தீம் பார்க்குகள் பற்றிக் கேள்வி பதில்

சினிமா ஸ்டுடியோக்களின் தீம் பார்க்குகள் எப்படி இவ்வளவு பெரிய சுற்றுலாத் தொழிலாயின என்று பலர் கேட்டிருந்தீர்கள். பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் ரைடுகளை விட அவற்றின் பின்னால் இருக்கும் கணக்குதான் என் கண்ணில் முதலில் படும்.

கேள்வி: இதையெல்லாம் ஆரம்பித்தது டிஸ்னிதானே?

இல்லை. அவருக்கு நாற்பது வருடம் முன்பே யுனிவர்சல் ஸ்டுடியோ நிறுவனர் கார்ல் லெம்லி ஆரம்பித்துவிட்டார். 1915 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கோழிப்பண்ணையாக இருந்த நிலத்தில் யுனிவர்சல் சிட்டி என்ற ஸ்டுடியோவைத் திறந்தார். 25 சென்ட் கொடுத்தால் படிப்படியான இருக்கைகளில் உட்கார்ந்து படப்பிடிப்பைப் பார்க்கலாம். மௌனப்படக் காலம் என்பதால் நாயகனுக்குக் கைதட்டலாம், வில்லனைத் திட்டலாம்; கேமராவுக்குத்தான் காது கிடையாதே. சாப்பாட்டுப் பொட்டலமும் அங்கேயே கிடைத்தது. அப்புறம் பேசும்படம் வந்தது. ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் என்று கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: மறுபடி எப்போது உள்ளே விட்டார்கள்?

1964 ஜூலையில். அப்போது யுனிவர்சல் எம்சிஏ நிறுவனத்தின் கையில் இருந்தது. டிராம் வண்டியில் ஏற்றி ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டினார்கள். ஆனால் ஒரு சிக்கல். உண்மையான படப்பிடிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? விளக்கைச் சரிசெய்ய ஒரு மணி நேரம், எடுப்பது அரை நிமிடம். காசு கொடுத்து வந்தவருக்கு அது போதாது. அதுவும் அன்றைக்கு ஷூட்டிங் இல்லை என்றால் வெறும் செட் சுவர்தான்.

அதனால் டிராமுக்காகவே காட்சிகளைத் தயாரித்தார்கள். 1976-ல் 'ஜாஸ்' படத்துச் சுறா வந்தது. சின்ன மீனவ ஊர் செட், ஓரமாகக் குளம். டிராம் மெதுவாகும். தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுறாவின் முதுகுத் துடுப்பு வரும். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுறா வண்டியை ஒட்டி வாயைப் பிளந்துகொண்டு எழும். கரையோரம் உட்கார்ந்தவர்கள் அப்படியே நகர்ந்து பக்கத்தில் இருப்பவர் மடியில் விழுவார்கள். 1986-ல் கிங்காங் பொம்மை, 1989-ல் நிலநடுக்கம். படம் எடுப்பதைப் பார்க்க வந்தவர்களைப் படத்துக்குள் தள்ளியது இந்த டிராம்தான்.

கேள்வி: அப்படியானால் டிஸ்னி புதிதாக என்ன செய்தார்?

இரண்டு விஷயம். முதலாவது, விளம்பரத்தையே மூலதனமாக்கினார். டிஸ்னிலாந்து கட்டப் பணம் போதவில்லை. ஏபிசி தொலைக்காட்சி முதலீடும் கடனுக்கு உத்தரவாதமும் தந்தது. பதிலுக்கு டிஸ்னி அவர்களுக்கு வாராந்தர நிகழ்ச்சி செய்து கொடுத்தார். அதன் பெயரே 'டிஸ்னிலாந்து'. பூங்கா திறக்கும் முன்பே நாடு முழுக்க வீட்டுக் கூடத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

திறப்பு நாளான 1955 ஜூலை 17 ஒரு கூத்து. போலி டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானோர் புகுந்தார்கள். புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் மாட்டிக்கொண்டன. குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிநீரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். என்னைக் கேட்டால் சரியான முடிவு. ஏழே வாரத்தில் பத்து லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, ஒரு வயிற்றெரிச்சலிலிருந்து கற்ற பாடம். டிஸ்னிலாந்து இருக்கும் அனஹெய்மில் அவரிடம் இருந்தது 160 ஏக்கர். வேலிக்கு வெளியே மோட்டல்களும் உணவகங்களும் முளைத்தன. கூட்டத்தை வரவழைப்பது அவர், ராத்திரிக் காசு அவர்களுக்கு. அதனால் ஃபுளோரிடாவில் வேறு பெயர் நிறுவனங்கள் மூலம் சத்தமில்லாமல் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார். ஏக்கருக்குச் சராசரியாக 200 டாலருக்கும் குறைவு. வாங்குவது யார் என்று 1965-ல் பத்திரிகையில் வந்ததும் சுற்றுவட்டாரத்தில் விலை எகிறியது. 1966-ல் அவர் இறந்துவிட்டார். 1971 அக்டோபரில் அங்கே, ஆர்லாண்டோ நகரத்துப் பக்கம், வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தபோதே சொந்த ஹோட்டல்கள் தயார். ஒன்றின் உள்ளேயே மோனோரயில் வந்து நின்றது. டிக்கெட் விற்பவர், படுக்கையும் காலை உணவும் விற்பவராக மாறிய இடம் அதுதான்.

கேள்வி: ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சலும் போய் உட்கார்ந்தது ஏன்? மோதல் இல்லையா?

மோதல் பலமாகவே இருந்தது. டிஸ்னியின் ஸ்டுடியோ பூங்கா 1989 மே மாதமும் யுனிவர்சலுடையது 1990 ஜூனிலும் திறந்தன. எங்கள் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்றது எம்சிஏ, டிஸ்னி மறுத்தது. ஆனால் சுற்றுலாவில் பக்கத்துக் கடை எதிரி மட்டுமல்ல. மூன்று நாள் பயணம் ஐந்து நாளாக நீண்டால் இருவருக்கும் லாபம்.

கேள்வி: அங்கே நிஜமாகவே படம் எடுத்தார்களா?

கொஞ்ச காலம். டிஸ்னி பூங்காவில் அனிமேஷன் கலைஞர்கள் வரைவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். 'முலான்' பெரும்பாலும் அங்கே உருவானதுதான். 2004-ல் அந்தப் பிரிவை மூடினார்கள். ஹாலிவுட் யுனிவர்சலில் மட்டும் டிராம் இன்றும் வேலை நடக்கும் ஸ்டுடியோவுக்குள் ஓடுகிறது.

கேள்வி: மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் டிஸ்னியுடையது. அதன் நாயகன் ஹல்க் யுனிவர்சல் பூங்காவில் எப்படி?

மார்வெலோடு யுனிவர்சல் 1994-ல் போட்ட பழைய ஒப்பந்தம். டிஸ்னி மார்வெலை வாங்கியது 2009-ல். வீட்டை வாங்கினாலும் வாடகைக்காரரைக் கிளப்ப முடியவில்லை.

கேள்வி: ஹாரி பாட்டர் அவ்வளவு பெரிய திருப்பமா?

ஆமாம். யுனிவர்சலின் இன்னொரு ஆர்லாண்டோ பூங்காவான ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சரில் 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. 2009-ல் சுமார் 46 லட்சமாக இருந்த வருகை, மதிப்பீடுகளின்படி 2011-ல் 76 லட்சத்தைத் தாண்டியது. கெட்டிக்காரத்தனம் கடையில் இருக்கிறது. மந்திரக்கோல் கடைக்குள் சிறு குழுவாக அழைத்துப் போவார்கள். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு கோலாகக் கொடுப்பார்கள். சரியான கோல் கைக்கு வந்ததும் வெளிச்சம் மாறும், இசை எழும். அடுத்த கதவைத் திறந்தால் விற்பனைப் பகுதி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த அப்பா பர்ஸை எடுக்காமல் இருப்பார்?

கேள்வி: தோற்ற கதை ஏதாவது?

பாரிஸ். 1983-ல் திறந்த டோக்கியோ டிஸ்னிலாந்து ஜப்பானிய நிறுவனத்தின் சொத்து; டிஸ்னிக்கு உரிமத்தொகை மட்டும். அது பிரமாதமாக ஓடியதும் மனசு கேட்கவில்லை. 1992-ல் பாரிஸ் பக்கம் பூங்காவோடு 5,000-க்கு மேல் ஹோட்டல் அறைகளையும் கட்டினார்கள். ஆனால் பாரிஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. காலையில் வந்து ராத்திரி திரும்பிவிட்டார்கள். பூங்காவில் ஒயினும் கிடையாது, பிரான்ஸில்! 1993-ல் அதை மாற்றினார்கள், 1994-ல் கடனைச் சீரமைத்தார்கள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

கேள்வி: வரிசையில் நிற்காமல் போகவும் தனிக் காசு வாங்குகிறார்களே, நியாயமா?

எனக்கும் எரிச்சல்தான். 1999-ல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் என்ற, நேரம் குறித்துக்கொண்டு வரிசையைத் தவிர்க்கும் சீட்டைக் கொண்டுவந்தபோது இலவசம். வரிசையில் நிற்பவரால் கடைக்கும் உணவகத்துக்கும் போக முடியாது, அதனால் அவரை விடுவிப்பதே லாபம் என்று எண்ணினார்கள். 2021-ல் அதற்குப் பதிலாகக் கட்டண முறை வந்தது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் கேட்டால், அந்தக் காசை ரைடுக்குச் செலவழிக்காமல் பூங்காவுக்குப் பக்கத்து அறைக்குக் கொடுக்கச் சொல்வேன். மதியம் திரும்பி வந்து குழந்தையைத் தூங்க வைக்கலாம். டிஸ்னி விரும்பியதும் அதுதான் என்பது வேறு விஷயம்.