சீனாவுல இருந்து பொம்மை இறக்கணுமா? அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: மதுரையில ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கேன். அலிபாபாவுல பாத்து, சீனாவுல யிவூங்கிற ஊர்ல ஒரு சப்ளையர்கிட்ட ஆறு லட்சத்துக்கு பேட்டரி கார் பொம்மை பேசியிருக்கேன், இதான் முதல் தடவை. 30 சதவீதம் அட்வான்ஸ். நேத்து திடீர்னு மெயில், கம்பெனி அக்கவுண்ட்ல ஆடிட் நடக்குது, வேற அக்கவுண்ட்டுக்குப் போடுங்கன்னு. போடலாமா சார்?

பதில்: போடாதீங்க. சப்ளையர் நல்லவராவே இருக்கலாம், ஆனா அவரோட மெயிலுக்குள்ள வேற ஒருத்தன் பூந்து நீங்க ரெண்டு பேரும் பேசுறதை படிச்சிட்டே இருப்பான், பணம் போற நேரம் பாத்து ஒரே ஒரு எழுத்து மாறின ஐடியில இருந்து புது அக்கவுண்ட் நம்பர் அனுப்புவான். என்கிட்ட வர்ற திருப்பூர்க்காரர் ஒருத்தர் மெஷினுக்கு இப்படித்தான் போட்டுட்டாரு, "பணம் இன்னும் வரலையே"ன்னு சப்ளையர் கேட்டப்ப தான் விஷயமே தெரிஞ்சுது. மெயில்ல இருக்குற நம்பர் வேண்டாம், முதல்ல இருந்து பேசிட்டிருந்த நம்பருக்கு வீடியோ கால் போட்டுக் கேளுங்க. அலிபாபாவுக்கு வெளியில பணம் போனா அவங்க தர்ற பாதுகாப்பும் கிடைக்காதுங்கிறதை மறந்துடாதீங்க.

அப்புறம் அவங்க பிசினஸ் லைசன்ஸ் காப்பி வாங்குங்க. அதுல 18 இலக்கத்துல ஒரு பதிவு எண் இருக்கும், சீன அரசோட கம்பெனி பதிவு தளத்துல போட்டா உண்மையா இல்லையான்னு தெரிஞ்சிடும். அதுல இருக்குற சீனப் பேரும் பேங்க் அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருக்கணும், தனி ஆள் பேர்ல அக்கவுண்ட் குடுத்தா அந்த ஆளையே விட்டுடுங்க.

யிவூ ஒரு மொத்தவியாபார ஊர், அங்க நிறைய பேர் வாங்கி விக்கிறவங்க தான். பொம்மை தயாரிப்புக்குப் பேர் போனது குவாங்டாங் மாகாணத்துல சாந்தோ பக்கம் இருக்குற செங்ஹாய். இதை ஏன் சொல்றேன்னா உங்க சரக்கு எந்த ஃபேக்டரியில தயாராகுதுன்னு தெரிஞ்சே ஆகணும். நம்ம நாட்டுல 2021 ஜனவரி 1-ல இருந்து 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அந்த முத்திரைக்கான லைசன்ஸ் சப்ளையருக்கோ உங்களுக்கோ இல்ல, தயாரிக்கிற அந்த ஃபேக்டரிக்கு இருக்கணும். அங்க குடுக்குற, ஐரோப்பாவுக்கான சிஇ சர்டிஃபிகேட் இங்க செல்லாது. நீங்க கேக்காம விட்டது இதைத்தான், உண்மையான ஆபத்தும் இதுலதான் இருக்கு, ஏன்னா சப்ளையர் நேர்மையா இருந்து சரக்கும் சூப்பரா இருந்தாக் கூட அந்த லைசன்ஸ் இல்லைன்னா தூத்துக்குடியில கஸ்டம்ஸ் விடாது. சரக்கு அங்க நிக்கிற ஒவ்வொரு நாளும் இடத்துக்கு துறைமுகத்துக்கு டெமரேஜ் கட்டணம், கன்டெய்னருக்கு ஷிப்பிங் கம்பெனிக்கு டிடென்ஷன் கட்டணம், ரெண்டும் ஏறிட்டே போகும். லைசன்ஸ் நம்பர் குடுத்தா, ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற பிஐஎஸ் அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாருங்க. குடுக்க மாட்டேன்னா இந்த ஆர்டர் வேண்டாம். அதோட பொம்மைக்கான அடிப்படை இறக்குமதி டியூட்டி, 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கி 2023-ல 70 ஆக்கினாங்க, இன்னைக்கு மொத்தமா எவ்வளவு வரும்னு கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு அப்புறம் விலை கணக்கு போடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் அட்வான்ஸ். சாம்பிள் ரெண்டு வாங்கி, கையெழுத்து போட்டு ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு அவங்ககிட்ட. மீதி 70 சதவீதம் போடுறதுக்கு முன்னாடி, சரக்கு ஃபேக்டரியில இருக்கும்போதே எஸ்ஜிஎஸ் மாதிரி ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனியை அனுப்பி அந்த சாம்பிளோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க, கப்பல் ஏறினதுக்கு அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. எல்சி, அதாவது பேப்பர் சரியா இருந்தா சப்ளையருக்குப் பணம் குடுக்குறேன்னு பேங்க் தர்ற உறுதி, அதைப் போட்டா சேஃப்னு சிலர் சொல்வாங்க, பேங்க் பாக்குறது பேப்பரை மட்டும் தான், பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவங்க பாக்க மாட்டாங்க. விலை எஃப்ஓபியா (கப்பல்ல ஏத்துற வரைக்கும் தான் அவங்க செலவு) சிஐஎஃப்பான்னும் (கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்து) கேட்டுக்கங்க, எஃப்ஓபின்னா இன்சூரன்ஸ் நீங்க தான் எடுக்கணும்.

இறக்குமதி பண்ண வேண்டிய ஐஇசி நம்பர் இல்லைன்னா, மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டி தளத்துல முதல்ல அதை எடுத்துடுங்க, ஆன்லைன்லயே முடிஞ்சிடும். இந்த வேலையை எல்லாம் இப்பவே ஆரம்பிங்க, பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்னு விட்டா சீனப் புத்தாண்டு வந்துடும், அங்க ஃபேக்டரி எல்லாம் வாரக்கணக்குல மூடிடுவாங்க.