யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 மோடில் ஊர்ப்பெயர்களை அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற வரலாற்று உத்திக் கணினி ஆட்டத்தின் வரைபடத்தை விரிவாக்கும் ஒரு மோடில் (ஆட்டத்தை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் தொகுப்பில்) பல ஊர்கள் இன்றைய பெயரோடு நிற்கின்றன என்றும், அவற்றைப் பழைய பெயருக்கு மாற்ற எந்தக் கோப்பைத் திருத்துவது, எந்தப் பெயரைத் தேர்வது, தமிழ் எழுத்தில் வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்துக்குச் சிறு மோடுகளை எழுதிவருபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஓர் ஊருக்கு ஒரே ஒரு சரியான பெயரைத் தேட வேண்டாம். 1444 நவம்பர் 11-இல் தொடங்கி 1821 வரை நீளும் ஆட்டத்தில் ஒரே ஊர் பல அரசுகளின் கைக்கு மாறும் என்பதால், ஆள்பவர் யாரோ அவருக்கு ஏற்பப் பெயரும் மாறும்படி அமைப்பதே முறையானது. அதற்கான வசதியை ஆட்டமே தருகிறது.

ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டு பெயர்கள் இருப்பதை முதலில் கவனியுங்கள். வரைபடத்தில் தெரியும் மாகாணப் பெயர், திரையில் வரும் சொற்களைத் தாங்கிய லோக்கலைசேஷன் கோப்பில், மாகாண எண்ணைத் தாங்கிய வரியில் இருக்கிறது. மாகாணத்தைச் சொடுக்கும்போது தெரியும் தலைநகரின் பெயரோ ஹிஸ்டரி கோப்புறைக்குள், அந்த மாகாணத்துக்குரிய கோப்பில், ‘கேப்பிடல்’ என்ற வரியில் இருக்கிறது. பலர் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றொன்று ஏன் மாறவில்லை என்று குழம்புகிறார்கள். மேப் கோப்புறையில் உள்ள டெஃபினிஷன் கோப்பிலும் பெயர்கள் உண்டு. அவை மோடு எழுதுபவரின் வசதிக்கானவை, திரையில் வருவதில்லை. ஆனால் மாகாண எண்ணைச் சரிபார்க்க அந்தக் கோப்பு அவசியம்: மூல ஆட்டத்தில் கான்ஸ்டான்டிநோபிளின் எண் 151 என்றாலும், வரைபடத்தையே மாற்றிய மோடில் அதே எண் வேறோர் ஊரைக் குறிக்கலாம். கன்சோல் என்ற கட்டளைச் சாளரத்தில் ‘டீபக் மோட்’ என்ற பிழைதிருத்த நிலையை இயக்கிவிட்டு மாகாணத்தின் மேல் சுட்டியை வைத்தாலும் எண் தெரியும்.

ஆள்பவருக்கு ஏற்ப மாறும் பெயர்களுக்கு, காமன் கோப்புறையில் உள்ள ‘பிராவின்ஸ் நேம்ஸ்’ என்ற உட்கோப்புறைதான் இடம். அங்கே ஒரு நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டிலோ, ஒரு பண்பாட்டின் பெயரிலோ, பண்பாட்டுக் குழுவின் பெயரிலோ கோப்பை உருவாக்கி, மாகாண எண், சமக்குறி, மேற்கோளுக்குள் பெயர் என்று வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். இவற்றையெல்லாம் பெரிய மோடின் கோப்புறைக்குள்ளேயே எழுதிவைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துபோகும். தனியாக ஒரு சிறு மோடை உருவாக்கி, அதன் விவரக் கோப்பில் பெரிய மோடைச் சார்புநிலையாகக் குறிப்பிடுங்கள். லோக்கலைசேஷனை மட்டும் தொட்டால் செக்சம் (ஆட்டக் கோப்புகள் ஒன்றுபோல் உள்ளனவா என்று காட்டும் சரிபார்ப்புக் குறியீடு) மாறாது. காமனையோ ஹிஸ்டரியையோ தொட்டால் மாறும் என்பதால், நண்பர்களோடு சேர்ந்து ஆடுவதாக இருந்தால் அனைவரிடமும் அதே சிறு மோடு இருக்க வேண்டும். திருத்தங்களை முன்பு சேமித்த பழைய ஆட்டத்தில் சோதிக்காமல் புதிய ஆட்டத்தில் சோதிப்பது நல்லது.

எந்தப் பெயரை வைப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. இதில் மிகுதியாகக் காணப்படும் பிழை, பிற்காலப் பெயரை முற்காலத்துக்குக் கொண்டுபோவது. கோனிக்ஸ்பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியச் சமயப் போர்வீரர் அமைப்பினர் 1255-இல் நிறுவிய அந்த நகரை ரஷ்யா கைப்பற்றினால் ‘கலினின்கிராத்’ ஆக வேண்டும் என்று பலரும் இயல்பாக நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் சோவியத் தலைவர் மிகாயில் கலினின் நினைவாக 1946-இல், அதாவது ஆட்டத்தின் காலம் முடிந்து 125 ஆண்டுகள் கழித்துச் சூட்டப்பட்டது. ஏழாண்டுப் போரின்போது, 1758 முதல் 1762 வரை, ரஷ்யப் படை அந்நகரைத் தன் வசம் வைத்திருந்தது. அப்போதும் அது ரஷ்யர்களுக்குக் கோனிக்ஸ்பெர்க்தான். ஆகவே ரஷ்யப் பண்பாட்டுக் கோப்பில் அந்த எண்ணுக்கு வரியே தேவையில்லை. மாறாக, போலந்துக் கோப்பில் ‘க்ரூலெவியெத்ஸ்’ என்றும் லிதுவேனியக் கோப்பில் ‘கரலியௌச்சுஸ்’ என்றும் எழுதுவது முற்றிலும் நியாயமானது.

கான்ஸ்டான்டிநோபிளிலும் இதே கவனம் வேண்டும். 1453 மே 29-இல் நகரம் ஒட்டோமான் துருக்கியரிடம் வீழ்ந்த கையோடு அரசாங்கப் பெயர் ‘இஸ்தான்புல்’ ஆகிவிடவில்லை. மக்கள் பேச்சில் அப்பெயர் நெடுங்காலமாக இருந்தது உண்மை; ஆயினும் நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் அங்கே அச்சிட்ட பொற்காசில் இருப்பது ‘கொஸ்தந்தினியே’ என்பதுதான், பின்வந்த சுல்தான்களின் காசுகளிலும் அது நூற்றாண்டுகள் தொடர்ந்தது. வெளிநாட்டு அஞ்சல்களிலும் இஸ்தான்புல் என்றே எழுத வேண்டும் என்று துருக்கி வலியுறுத்தியது 1930-இல். எனவே துருக்கியக் கோப்பில் நான் காசில் உள்ள பெயரையே வைக்கிறேன். ஆள்பவரின் காசும் ஆவணமும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது பெரும்பாலான ஊர்களுக்குத் தக்க வழி.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: இன்று வழங்கும் பெயர் என்பதாலேயே அதைப் புதியது என்று ஒதுக்குவது. ‘துப்ரோவ்னிக்’ அப்படிப்பட்ட ஒன்று. போஸ்னிய ஆட்சியாளர் குலின் 1189-இல் அந்நகர மக்களுக்கு அளித்த சாசனத்திலேயே அவர்கள் அந்தப் பெயரின் வழியாகத்தான் சுட்டப்படுகிறார்கள். இத்தாலியக் கோப்பில் ‘ரகூசா’, குரோஷியக் கோப்பில் ‘துப்ரோவ்னிக்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஆட்டக் காலத்துக்குள்ளேயே புதிதாக எழுந்த ஊர்களும் உண்டு: 1619-இல் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா), 1703-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1664-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயார்க் ஆன நியூ ஆம்ஸ்டர்டாமையும் இவற்றோடு சேர்க்கலாம். இவற்றுக்குப் பண்பாட்டுக் கோப்பு மட்டும் போதாது. தகுந்த நிபந்தனைகளோடு ஓர் ஈவென்ட் (நிபந்தனை நிறைவேறும்போது ஆட்டத்தில் நிகழும் நிகழ்வு) எழுதி, மாகாணப் பெயரையும் தலைநகரின் பெயரையும் மாற்றும் இரு கட்டளைகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

இனி எழுத்துகள். லோக்கலைசேஷன் கோப்புகளை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் ஓர் அடையாளக் குறி) உடன் கூடிய யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்திலும், காமன், ஹிஸ்டரி கோப்புகளை விண்டோஸ்-1252 என்ற குறியாக்கத்திலும் சேமிக்க வேண்டும். இந்த விண்டோஸ்-1252 தொகுப்பில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளே உள்ளன. துருக்கியத்தின் புள்ளியில்லாத ‘ஐ’யும் வாலிட்ட ‘எஸ்’ஸும் அதில் இல்லை; எஸ்கிஷெஹிர் என்ற துருக்கிய ஊரைச் சாதாரண ‘எஸ்’ போட்டே எழுதியாக வேண்டும். மேலே சொன்ன லிதுவேனியப் பெயரில் வரும் கொக்கியிட்ட ‘சி’யும் இல்லை, ஆனால் கொக்கியிட்ட ‘எஸ்’ உண்டு. இப்படிப்பட்ட எழுத்துகளை அப்படியே எழுதிச் சேமித்தால் வரைபடத்தில் பெயருக்கு நடுவே குப்பைக் குறிகள் தோன்றும்.

தமிழ் எழுத்துக்கும் இதே தடைதான், இன்னும் கடுமையாக. சீன, ஜப்பானிய, கொரிய ஆட்டக்காரர்கள் ஆட்டம் எழுத்துகளைக் கையாளும் நிரலையே மாற்றும் மோடு ஒன்றின் மூலம் தங்கள் எழுத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தமிழில் எழுத்துருவை மட்டும் சேர்த்தால் தீராது. ‘கொ’ என்று காட்டக் கொம்பு முன்னும் கால் பின்னும் வந்தாக வேண்டும், அந்த ஒழுங்கமைப்பை ஆட்டம் செய்வதில்லை. அதனால் தமிழ்ப் பண்பாட்டுக் கோப்பிலும் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் தர வேண்டியிருக்கிறது.