செல்போனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை 5-ஆம் நிலையில் நான் ஜெயித்தேன், முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சனால் ஏன் முடியாது?

நீங்கள் ஜெயித்தது முழு பலத்தில் ஆடிய ஸ்டாக்ஃபிஷை அல்ல. 5-ஆம் நிலையில் வைத்து ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். கீழ்நிலைகளில் அது வேண்டுமென்றே இடையிடையே மட்டமான நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கும்.

சோதித்துப் பாருங்கள்:

1. அந்த ஆட்டத்தை முழு பலத்தில் பகுப்பாய்வு செய்யுங்கள். எந்தக் காயைச் சும்மா விட்டுக்கொடுத்தது என்று தெரிந்துவிடும்.
2. அப்புறம் உச்ச நிலையில் ஒரு ஆட்டம்.

உச்ச வீரர்களின் கதை வேறு. அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ் 1996-ல் டீப் ப்ளூ என்ற சதுரங்கக் கணினியை 4-2 என வென்றார். 1997-ல் 2½-3½ என இழந்தார். 2002-ல்கூட கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலோடு 4-4 எனச் சமன் செய்தார். 2005-ல் ஹைட்ரா என்ற சதுரங்கக் கணினி, முன்னணி வீரர் மைக்கேல் ஆடம்ஸை 5½-½ என நசுக்கியது. 2006-ல் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 2-4 எனத் தோற்றார்; அதில் இரண்டாவது ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே விழவிருந்த செக்மேட்டை (ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிவது), உலகச் சாம்பியனான அவரே கவனிக்கவில்லை. களைப்பும் பதற்றமும் மனிதனுக்குத்தான் உண்டு. இன்றைய நிரல்களோ அந்த டீப் ஃபிரிட்ஸைவிட மிகமிக வலுவானவை.

ஒரு எச்சரிக்கை: நிரல்களுக்குப் போடும் 3500-க்கு மேற்பட்ட ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி), அவை தங்களுக்குள் ஆடி வந்தது. கார்ல்சனின் உச்சமான 2882-ஐ அதிலிருந்து நேராகக் கழித்து வித்தியாசம் பார்க்காதீர்கள்.