மூன்றரை மணி அலாரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 44 வயது. சென்னையில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாகப் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து பழகுகிறேன். மூன்றரைக்கு அலாரம். செம்புக் குடத்துத் தண்ணீர், எண்ணெய் கொப்பளிப்பது, உடம்புக்கு எண்ணெய், பன்னிரண்டு சூரிய நமஸ்காரம், கபாலபாதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது), நாடி சுத்தி (மூக்கின் இரு பக்கமும் மாற்றி மாற்றி மூச்சுவிடுவது), தியானம், நாட்குறிப்பு என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். படுக்கப் பதினொன்று ஆகிவிடுகிறது. மனம் அமைதியாகும் என்றார்கள், எரிச்சல்தான் கூடியிருக்கிறது. ஆறு மணிக்குள் பட்டியல் முடியாவிட்டால் அன்று முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். எங்கே தவறுகிறேன்?

ம.

அன்புள்ள ம.,

பதினொன்றுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். எரிச்சல் வராவிட்டால்தான் வியப்பு.

அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் தினசரி ஒழுக்கத்தைச் சொல்லும் அத்தியாயத்தை அதன் ஆசிரியர் வாக்படர் தொடங்கும் இடத்திலேயே ‘ஸ்வஸ்தன்’ என்ற சொல் நிற்கிறது. உடல்நலத்தோடு இருப்பவன், தன் ஆயுளைக் காத்துக்கொள்ளப் பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்கிறார். எல்லோரையும் எழுப்பவில்லை. பல் துலக்கச் சொல்வதற்கு முன்பே ‘சரீர சிந்தை’ வருகிறது: இன்று உடம்பு எப்படி இருக்கிறது என்று யோசிப்பது. அஷ்டாங்க சங்கிரகம் என்ற இன்னொரு ஆயுர்வேத நூல் இன்னும் உடைத்துச் சொல்கிறது: இரவு உண்டது செரித்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டு எழு. உங்கள் பட்டியலில் இது ஒன்றுதான் இல்லை.

நேரத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது பிரம்ம முகூர்த்தம். சென்னையில் ஜனவரிக் கடைசியில் உதயம் ஏறக்குறைய 6.35, ஆகவே ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். ஜூன் தொடக்கத்தில்கூட நாலு மணிக்குச் சற்றுப் பின்னால்தான். உங்கள் மூன்றரை எந்த மாதத்திலும் அதில் சேராது. (சூரியன் தலைகாட்டுவதற்குள் பன்னிரண்டு நமஸ்காரத்தையும் முடித்துவிடுவது வேறு கதை.)

நானும் ஒரு மார்கழியில் இப்படி இறங்கி, எண்ணெய்க் காலோடு குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு வாரம் படுத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் இரவைச் சரிசெய்யுங்கள். சாப்பாடு எட்டு மணிக்குள், விளக்கு பத்துக்குள். காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். உடனே கால் தரையில் பட வேண்டாம். படுக்கையிலேயே உட்கார்ந்து வயிறு கனக்கிறதா, கண் எரிகிறதா என்று பாருங்கள். கனத்தால் அன்று தண்ணீரும் ஒரு நடையும் போதும்.

எண்ணெயைத் தலை, காது, பாதம் மூன்றிலும் சிறப்பாகத் தேய்க்கச் சொல்கிறார் வாக்படர். வேலை நாளில் பாதம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உட்கார்ந்தபடி மெல்லத் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு எழுங்கள். சளி பிடித்திருந்தால் அதுவும் வேண்டாம். உடற்பயிற்சியையும் பலசாலிகளுக்கே பாதிச் சக்திக்குத்தான் அனுமதிக்கிறார், அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும். மற்ற காலங்களில் இன்னும் குறைவு. ஆகவே ஆறு நமஸ்காரம், வெளிச்சம் வந்த பிறகு.

கபாலபாதியை விட்டுவிடுங்கள். ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் அது ஆறு சுத்திகரிப்புகளில் ஒன்று. கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களுக்கே அவை, மற்றவர்கள் செய்ய வேண்டியதில்லை என்று அந்நூலே சொல்கிறது. நாடி சுத்தி பத்து நிமிடம் இருக்கட்டும். மூச்சை அடக்காமல், இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீட்டுங்கள். நான் செய்ததில் உண்மையாகவே மனத்தை இறக்கிவைத்தது இதுதான். மற்றவற்றை இதற்காக விட்டுக்கொடுப்பேன்.

நாட்குறிப்பு எனக்குப் பழக்கமில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றால் இரவில் எழுதுங்கள், பத்து மணிக்குள்.