ஊசி எத்தனை வருஷத்துக்கு? எடை குறைப்பு மருந்துகள் பற்றிக் கேள்வி பதில்

சர்க்கரை, எடை, தைராய்டு மூன்றுக்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில். பேர் வேண்டாம், ஊரும் வயசும் போதும். தற்போது சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் பாதிக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது.

பாளையங்கோட்டை: அம்மாவுக்கு 54 வயசு, சர்க்கரை இருக்கு. ஏழு மாசமா வாரம் ஒரு செமாக்ளூடைடு ஊசி. 86 கிலோ இருந்தாவ, இப்போ 77. டாக்டர் தொடர்ந்து போடச் சொல்லுதாவ. எத்தனை வருஷம் போடலாம்? கூடவே மெட்பார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு டெல்மிசார்டன்.

பதில்: இத்தனை வருஷம் வரை பத்திரம், அதற்கு மேல் ஆபத்து என்று கோடு கிழித்த ஆராய்ச்சி எதுவும் கிடையாது. கையில் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன். செமாக்ளூடைடு, பசியைக் குறைத்துச் சர்க்கரையையும் இறக்கும் ஜிஎல்பி-1 வகை மருந்து; இந்த வகையின் முதல் மருந்து எக்செனடைடு, 2005-இல் சர்க்கரைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செமாக்ளூடைடு 2017-இல் சர்க்கரைக்கும், 2021-இல் கூடுதல் டோஸில் எடைக்கும் அனுமதி பெற்றது. ஆக, வகைக்கு இருபது வருஷப் பழக்கம் உண்டு, எடைக்கான 2.4 மி.கி. டோஸுக்கு அவ்வளவு இல்லை. பெரிய ஆய்வு என்றால் செலக்ட். இதயநோய் உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரைச் சராசரியாக 40 மாதம் போலக் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. எடைக்குறைவு நாலாம் வருஷம் வரை நின்றது.

அம்மா விஷயத்தில் என் கவலை பத்து வருஷம் கழித்து வரப்போவது பற்றி இல்லை. சீட்டில் இருக்கும் கிளிமிபிரைடு பற்றித்தான். செமாக்ளூடைடு தனியாக சர்க்கரையை அபாயத்துக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை; சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கும். அம்மா முன்பு ஐந்து இட்லி சாப்பிட்டவர் இப்போது இரண்டோடு எழுந்துவிடுவார். மாத்திரை மட்டும் அதே ஐந்து இட்லிக் கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். விடியக்காலை வியர்வை, கைநடுக்கம் உண்டா என்று கேளுங்கள். டாக்டரிடம் காட்டி டோஸைப் பாதியாக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். மெட்பார்மினோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் வரும் என்பதால், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

டெல்மிசார்டனுக்கும் இதே கதை. ஒன்பது கிலோ இறங்கினால் பிரஷரும் இறங்கும். படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டினால் உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பிரஷர் பாருங்கள். ஊசிக்கு முன்பு விழித்திரைப் பரிசோதனை செய்யாவிட்டால் இந்த மாதமே செய்யுங்கள். ஏற்கெனவே பழுதான விழித்திரை, சர்க்கரை வேகமாக இறங்கும்போது மோசமாகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), வருஷத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் (இரண்டும் சிறுநீரகத்துக்கு), பி12. மெட்பார்மின் பி12 சத்தைக் குறைக்கலாம், அதற்காக.

வள்ளியூர்: தங்கச்சி கல்யாணம் ரெண்டு மாசத்துல. ரெண்டு மாசம் மட்டும் போட்டு நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதல் நாலு வாரம் 0.25 மி.கி., அடுத்த நாலு வாரம் 0.5. இது வயிறு பழகுவதற்கான டோஸ், இளைக்க அல்ல. குமட்டலை மட்டும் வாங்கிக்கொண்டு பந்தியில் உட்காருவீர்கள்.

மேலப்பாளையம்: எனக்கு டிர்செபடைடு பாட்டில் 2.5 மி.கி. எழுதியிருக்காங்க. அத்தாவுக்கு இன்சுலின் போடுற சிரிஞ்சிலயே போட்டுக்கலாமா? தெரிஞ்சவர் "இருபது வரைக்கும் இழு"ன்னார்.

பதில்: இந்த "இருபது" ஆளைக் கவிழ்க்கிற இருபது. நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு உண்டு. சிவப்பு மூடி யு-40: ஒரு மி.லி.க்கு 40 கோடு. ஆரஞ்சு மூடி யு-100: ஒரு மி.லி.க்கு 100 கோடு. உங்கள் டிர்செபடைடு (மவுஞ்சாரோ, இதுவும் வாரம் ஒரு ஊசிதான்) பாட்டிலில் இருப்பது 0.5 மி.லி., மொத்தமும் ஒரே டோஸ். சிவப்பு மூடியில் அது 20-ஆம் கோடு, ஆரஞ்சில் 50-ஆம் கோடு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 இழுத்தால் உள்ளே போவது 0.2 மி.லி., அதாவது 1 மி.கி. மட்டும். பிறகு "மருந்து வேலை செய்யல" என்று தேவையில்லாமல் டோஸை ஏற்றுவார்கள். கோட்டு எண்ணை வாயால் சொல்லிக்கொள்ளாதீர்கள், மி.லி. கேளுங்கள், மூடி நிறம் பாருங்கள். அத்தா குத்திய சிரிஞ்சு வேண்டவே வேண்டாம், உங்களுக்குப் புதுசு. 5 மி.கி. பாட்டிலை வாங்கி இரண்டு வாரமாகப் பிரிப்பதும் கூடாது. அது ஒருமுறைப் பாட்டில்; மிச்சத்தில் கிருமி வளரும்.

களக்காடு: ஊசி போடும்போது அல்வா சாப்பிடலாமா?

பதில்: ஒரு துண்டு. நெய்யும் சர்க்கரையும் மெதுவாகிப்போன இரைப்பையில் கிடந்தால் ராத்திரி உங்களுக்கே தெரியும்.

கடையநல்லூர்: அண்ணன் துபாயிலிருந்து ஆறு மாசத்துக்கான ஊசிப் பேனா கொண்டுவாறான். எப்படி வைக்கணும்?

பதில்: கைப்பையில் வரட்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம். ஐஸ் பொதி பேனாவைத் தொடக்கூடாது, நடுவில் துண்டு சுற்றுங்கள். வீட்டில் 2 முதல் 8 டிகிரி: பிரிட்ஜின் நடுத்தட்டு. கதவில் வேண்டாம், உறைபெட்டிக்குக் கீழே பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். ஒருமுறை உறைந்த பேனா, உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். திறந்த ஒசெம்பிக் (செமாக்ளூடைடு) பேனா 30 டிகிரிக்குள் 56 நாள் தாங்கும் என்று அமெரிக்கக் குறிப்பில் போட்டிருக்கும். மே மாதத்தில் நம் வீட்டு அலமாரி 30 டிகிரிக்குள் நிற்குமா? பிரிட்ஜிலேயே இருக்கட்டும். குத்தியதும் ஊசிமுனையைக் கழற்றுங்கள். மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்று புகும்.

போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார அமைப்பு 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. பில் இல்லாத பேனா வேண்டாம். ஆறு மாதம் கழித்து அண்ணன் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம்: தைராய்டு புற்றுநோய் வருமாமே? எனக்கு தைராய்டு இருக்கு, 75 மாத்திரை சாப்பிடுதேன்.

பதில்: எலிகளுக்கு வந்தது. அதுவும் தைராய்டின் சி-செல் என்ற ஒரு வகை உயிரணுவில். எலிக்கு அந்த அணுவில் இந்த மருந்து பிடிக்கும் இடம் அதிகம், மனிதனுக்கு மிகக் குறைவு. ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் அலசிப் பார்த்து, மனிதர்களில் தொடர்புக்குச் சான்று இல்லை என்றது. ஆனாலும் உங்களுக்கோ ரத்த உறவுக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய், அல்லது மென்-2 என்ற பரம்பரை நோய் இருந்தால் இந்த மருந்தைத் தொடக்கூடாது. சாதாரணத் தைராய்டு குறைவு தடை இல்லை.

ரைபெல்சஸ் என்ற செமாக்ளூடைடு மாத்திரைக்கு மாறினால் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதையும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றுக்காரன். சேர்த்து விழுங்கினால் தைராக்சின் ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. எதை எப்போது என்று டாக்டரிடம் நேரம் பிரித்து வாங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

தென்காசி: எல்லாரும் கேக்குததுல ஒரு விசயம் விட்டுப்போச்சு. நிறுத்துனா எடை திரும்ப ஏறுமாம். அப்போ சாகுற வரைக்கும் ஊசியா? இது மருந்தா, வட்டிக்கடையா? கொள்ளு ரசமும் குற்றாலம் ரோட்டு நடையும் போதாதா?

சங்கரன்கோவில்: அண்ணாச்சி, பிரஷர் மாத்திரையை எந்தக் கொள்ளு ரசம் நிறுத்திருக்கு? 118 கிலோ ஆள் முட்டுவலியோட எங்க நடக்கது?

தென்காசி: பிரஷர் நோய். பசி நோயா வேய்?

பதில்: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். எடை திரும்புவது உண்மை. செமாக்ளூடைடின் ஸ்டெப்-1 ஆய்வின் தொடர்ச்சியில் 68 வாரத்தில் 17.3 சதவீதம் இளைத்தவர்கள், நிறுத்திய ஒரு வருஷத்தில் 11.6 புள்ளி திரும்ப ஏறினார்கள். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, கையில் நின்றது 5.6. பிரஷரும் பழைய இடத்தை நோக்கிப் போயிற்று.

காரணம் சோம்பல் இல்லை. உடம்பு இளைத்தால் பசி ஹார்மோன்கள் ஏறும், சும்மா இருக்கும்போது எரியும் கலோரி குறையும். ஊசி அந்தப் பசியை மூடிவைத்திருந்தது. எடுத்ததும் மூடி திறக்கிறது. கொள்ளு ரசத்தில் இளைத்தவருக்கும் உடம்பு இதையேதான் செய்யும்.

தென்காசி: அப்போ அடிமைதானே?

பதில்: இல்லை. நிறுத்தினால் சாராயத்துக்குப் போல நடுக்கமோ தவிப்போ வராது. ஆனால் அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 30 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 27 அல்லது அதற்கு மேல் கூடவே சர்க்கரை, பிரஷர் போன்ற நோய் என்பதுதான் எடைக்கான அனுமதி. பி.எம்.ஐ. 25, நோய் ஒன்றுமில்லை, சட்டை இறுக்கம் மட்டும் என்றால் குற்றாலம் ரோட்டில் நடக்கலாம். பணக் கணக்கும் நியாயம்: இரண்டு வருஷத்துக்குத் தாங்காது என்றால், தொடங்குமுன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு சரி, அதன்பின் மற்ற கம்பெனிகளும் தயாரிக்கலாம். விலையைப் பார்த்து நாள் குறிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. போட்டு, விட்டு, மறுபடி போட்டு என்று ஆடுவதுதான் மோசம். இறங்கும்போது தசையும் சேர்ந்து போகும். ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு.

முக்கூடல்: நேத்து ராத்திரியிலேருந்து மேல்வயிறு வலி, முதுகுக்குப் போகுது, மூணு வாந்தி. ஊசி போட்டு நாலு மாசம் ஆகுது. வாயுவா இருக்குமோ?

பதில்: வாயு மாத்திரை வேண்டாம், இதைப் படித்ததும் கிளம்புங்கள். கணைய அழற்சியாக இருக்கலாம், பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். பக்கத்தில் அவசரப் பிரிவு இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள். லைபேஸ் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பார்ப்பார்கள். பேனாவையும் எல்லா மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அடுத்த ஊசி போட வேண்டாம்.

சங்கரன்கோவில்: தென்காசி அண்ணாச்சி, தசை போகும்னா அது ஊசிக் குத்தமா, சாப்பாட்டுக் குத்தமா?

நாங்குநேரி: நானும் அதான் கேக்க வந்தேன். அப்பாவுக்கு 67. 11 கிலோ குறைஞ்சாவ. தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல.

பதில்: இதுதான் நீண்டகாலப் பயன்பாட்டில் யாரும் பேசாத கேள்வி. குறையும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத எடை. அதில் தசையும் உண்டு. எப்படி இளைத்தாலும் ஓரளவு போகும். குறைவாகச் சாப்பிட்டு, அதிலும் புரதத்தை விட்டுவிட்டால் கூடுதலாகப் போகும். அறுபது தாண்டியவருக்கு அது திரும்புவது கடினம்.

அளந்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தராசைவிட இது முக்கியம்.

புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். நாலு இட்லியில் சுமார் 8 கிராம்தான் இருக்கிறது. ஒரு முட்டை 6, நூறு கிராம் மீன் 20 பக்கம், ஒரு டம்ளர் பால் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. பசி இல்லாதவர் தட்டில் மீனையும் முட்டையையும் முதலில் சாப்பிடட்டும், சோறு கடைசியில். கிரியாட்டினின் ஏறியவர்கள் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலிப் பயிற்சி, சுவரில் கையூன்றி அழுத்துவது, பாதி நிரப்பிய குடம் தூக்குவது. நடை மட்டும் தசையைக் காக்காது, தென்காசி அண்ணாச்சி.

தென்காசி: சரி, குடம் தூக்குதேன்.

திசையன்விளை: மூலிகைப் பொடி ஒண்ணு வாட்சப்புல விக்காவ. பத்து நாள்ல அஞ்சு கிலோவாம். நெஞ்சு படபடங்குது.

பதில்: நிறுத்துங்கள், ஈசிஜி எடுங்கள். எடைக்கான "மூலிகை"களில் சிபுட்ராமின் என்ற பழைய பசிகுறைப்பு மருந்து கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அந்த மருந்து இதய ஆபத்துக்காக 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது, 2011-இல் இந்தியாவில் தடை. ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தப் பொடியைப் பயமில்லாமல் கரைத்துக் குடிக்கிறார்கள்.

சேரன்மகாதேவி: எனக்கு 29, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி). ஊசி போடுறேன். அடுத்த வருஷம் குழந்தைக்குப் பார்க்கலாம்னு.

பதில்: முயற்சி தொடங்கும் முன் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், டிர்செபடைடு என்றால் குறைந்தது ஒரு மாதம். அதுவரை தடுப்பு அவசியம். இளைத்ததும் பிசிஓடி-காரர்களுக்குக் கருமுட்டை திடீரென்று சீராக வெளிவரும், எதிர்பாராமல் தங்கிவிடும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும். தொடங்கியபின் நாலு வாரம், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் நாலு வாரம் ஆணுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

திருநெல்வேலி டவுண்: தைராய்டு கேன்சர் வருமா?

பதில்: அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வீரவநல்லூர்: கண்ணு போயிருமாமே?

பதில்: திடீரென்று ஒரு கண் மங்கும் பார்வைநரம்பு பாதிப்பு ஒன்று உண்டு. பத்தாயிரத்தில் ஒருவர் வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் பட்டியலில் சேர்த்தது. காலையில் எழுந்ததும் ஒரு கண் மறைத்தால் அன்றே கண் டாக்டர், ஊசி நிறுத்தம்.

பாபநாசம்: அல்வா?

பதில்: களக்காட்டுக்குச் சொன்ன அதே ஒரு துண்டு.

ஆலங்குளம்: அடுத்த வாரம் பித்தப்பை ஆபரேஷன். ஊசி போட்டுட்டே போலாமா?

பதில்: மயக்க மருந்து டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், பட்டினி கிடந்த பிறகும் உள்ளே சாப்பாடு இருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் விபரீதம். தள்ளிப்போடுவதா, முந்தின நாள் நீராகாரம் மட்டுமா என்று அவர் முடிவு செய்வார். கிளிமிபிரைடு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

களக்காடு: ஒரு வாரம் ஊசி மறந்துட்டேன். ரெண்டாச் சேத்துப் போட்டுறவா?

பதில்: எப்போதும் இரண்டு கூடாது. ஒசெம்பிக் என்றால் தவறிய நாளிலிருந்து 5 நாளுக்குள், மவுஞ்சாரோ என்றால் 4 நாளுக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடலாம். தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த முறைநாளில் ஒன்று மட்டும். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய பெரிய டோஸில் நேரே இறங்காதீர்கள், குடலைப் புரட்டி எடுத்துவிடும். டாக்டரிடம் கேட்டுக் கீழிருந்து ஏறி வாருங்கள். இந்த வெயிலில் வாந்தி நிற்காமல் போனால் உப்புச்சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்; ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டால் ஆஸ்பத்திரி, சிறுநீரகம் அடிபடும். அல்வாக் கேள்வி இனி வேண்டாம்.