மகளின் வயதை ஏன் மாற்றினீர்கள்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. அவள் பள்ளியில் ஓர் ஆசிரியர், கட்டைகளை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை வைத்து வரலாறும் அறிவியலும் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் செய்ததைப் பகிர்ந்துகொள்ள இன்ஸ்டாகிராமில் ஒரு குழுவும் தொடங்கப் போகிறாராம். பெற்றோரின் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். மகளுக்கு அங்கே ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. 11 வயதில் ஆசைப்பட்டுக் கேட்டாள், வயது போதாது என்று விடவில்லை, நான்தான் பிறந்த வருஷத்தை எட்டு வருஷம் முன்னால் போட்டுக் கொடுத்தேன். அதனால் அந்த விஷயத்தில் சிக்கல் இல்லை. விளையாட்டில் உண்மையிலேயே படிப்பு வருமா, எத்தனை மணி நேரம் விடலாம் என்பதுதான் என் சந்தேகம். என் மனைவி வேண்டாம் என்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

பதில்: சிக்கல் இல்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான், ஐயா, முழுச் சிக்கலும் இருக்கிறது. விளையாட்டில் படிப்பு வருமா என்று கேட்டு எத்தனையோ கடிதங்கள் வருகின்றன, அதற்கும் பதில் சொல்கிறேன். முதலில் அந்த எட்டு வருஷத்தைப் பேசிவிடுவோம்.

11 வயதுப் பிள்ளையை 19 ஆக்கினீர்கள். இன்று அவளுக்கு 13. இன்ஸ்டாகிராமின் கணக்குப்படி 21. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தீர்களா? 18 வயது ஆகாதவர்களுக்கென்று அந்தத் தளம் 2024 செப்டம்பர் முதல் தனிவகைக் கணக்கைக் கொண்டுவந்தது. அதில் பதிவுகளை வெளியாட்கள் பார்க்க முடியாது. முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் ஆனதும் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கிவிடும். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இதையெல்லாம் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதிக்க வேண்டும். 21 வயதுக்காரிக்கு இதில் எதுவும் தானாக வராது. முகம் தெரியாத ஆள் அவளுக்கு எழுதலாம், பெரியவர்களுக்கான விளம்பரம் அவள் முன்னால் வரலாம். உள்ளே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தது வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பா.

எல்லாரும் செய்வதுதானே என்பீர்கள். செய்கிறார்கள். பிரிட்டனில் ஒளிபரப்பையும் இணையத்தையும் கவனிக்கும் ஆஃப்காம் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகக் கணக்கு வைத்திருந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெரியவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். அத்தனை பேர் செய்ததால் உங்கள் மகளுக்கு வரும் ஆபத்து குறைந்துவிடாது.

13 என்ற எல்லை எப்படி வந்தது தெரியுமா? 13 வயது ஆகாத பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998-இல் சட்டம் போட்டது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று பல தளங்கள் 13-க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. பெற்றோரை மதித்து எழுதிய சட்டம் அது. நீங்களோ பொய்யான ஒரு வருஷத்தைப் போட்டு அதைத் தாண்டிப் போனீர்கள்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. நாளைக்கு எவனோ ஒருவன் அவளுக்குத் தொல்லை கொடுத்தால் உங்களிடம் வந்து சொல்வாளா? கணக்கே பொய் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் கணக்கு போய்விடும் என்றும் தெரியும். வாய் திறக்காமல் இருக்க அவளுக்கு இரண்டு காரணங்களை நீங்களே கொடுத்து வைத்திருக்கிறீர்கள். "இன்னும் இரண்டு வருஷம் பொறு" என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அழுதிருப்பாள். அழட்டுமே! பிள்ளையின் அழுகையைத் தாங்கிக்கொண்டு மறுப்பதும் தகப்பனின் கடமைதான். இதெல்லாம் உங்கள் மனைவிக்குத் தெரியுமா? கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். படிப்பு வரும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ஃபோல்டிட் என்ற விளையாட்டில் புரத மூலக்கூறுகளைத் திரையில் மடித்து அவற்றின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி என்ற புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் பத்து வருஷத்துக்கு மேல் திணறினார்கள். 2011-இல் ஆட்டக்காரர்கள் சில வாரங்களில் வழி காட்டினார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் கொண்டுவந்த ஸ்கிராட்ச் என்ற நிரல் எழுதும் தளத்தில் பிள்ளைகள் விளையாட்டைத் தாங்களே எழுதிப் பழகுகிறார்கள். ஆடுவதைவிட உருவாக்குவதில்தான் மூளைக்கு அதிக வேலை என்பது என் உறுதியான எண்ணம். மைன்கிராஃப்ட்டின் கல்விப் பதிப்பு 2016-இல் வந்தது. தனிமங்களைச் சேர்த்துச் சேர்மங்கள் செய்து பார்க்கலாம், ஆசிரியர் தரும் குறியீடு இருந்தால்தான் வகுப்பின் உலகத்துக்குள் நுழைய முடியும். அந்த ஆசிரியர் இதைப் பயன்படுத்துகிறார் என்றால் தாராளமாகச் சம்மதியுங்கள். ஆட்டம் முடிந்ததும் "கோட்டைச் சுவரை ஏன் இந்தப் பக்கம் கட்டினாய்?" என்று அவர் கேட்கிறாரா என்பதை மட்டும் விசாரியுங்கள். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் பாதிப் படிப்பு திரையோடு நின்றுவிடும்.

எத்தனை மணி நேரம் என்று நான் எண் சொல்லப் போவதில்லை. தூக்கமும் வீட்டில் எல்லாரோடும் பேசுகிற நேரமும் குறையாமல் இருந்தால் சரி.

இன்ஸ்டாகிராம் குழுவுக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த வகுப்பில் இன்னும் 12 தாண்டாத பிள்ளைகளும் இருக்கலாம். குழுவில் சேர வேண்டும் என்றால் அவர்களின் பெற்றோரும் நீங்கள் செய்ததையே செய்வார்கள். பாடத்துக்காகப் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கும் நிலைமையை எந்த ஆசிரியரும் உண்டாக்கக் கூடாது. இதை அவரிடம் நேரில் போய், மரியாதையோடு, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் செய்ததை வெளியே காட்டப் பள்ளியின் பெயரில் ஆசிரியரே நடத்தும் ஒரு கணக்கு போதும். பிள்ளைகளின் பெயரும் முகமும் அதில் வேண்டாம்.

மகளை வைத்துக்கொண்டே பிறந்த தேதியைத் திருத்துங்கள். அடையாளச் சான்று கேட்டால் கொடுங்கள். திருத்த முடியாவிட்டால் அந்தக் கணக்கை அழித்துவிட்டு, உண்மையான வயதில் புதிதாகத் தொடங்கலாமா என்று நீங்கள் மூவரும் பேசி முடிவெடுங்கள். சேர்த்து வைத்த நண்பர்கள் போய்விடுவார்கள் என்று அவள் கோபப்படுவாள். கோபத்தை உங்கள் மேல் காட்டட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். தப்பு செய்தது அவள் இல்லை, நீங்கள் என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். அப்புறம், இதுவரை யாராவது தெரியாதவர்கள் செய்தி அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.