டிஸ்னிலாந்தின் தரம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா?

"பாரிஸ் டிஸ்னிலாந்து முந்தி மாதிரி இல்லை என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் விடுமுறைக்கு வரும் பிரான்ஸ் சொந்தங்களிடையே இது பெரிய விவாதம்தான். என் மச்சாள் குறைந்துவிட்டது என்பார், அவரின் மகன் மறுப்பான்.

பராமரிப்பைப் பார்த்தால் மகன் சொல்வதில் நியாயம் உண்டு. 1992இல் திறந்த பூங்கா நாளடைவில் களையிழந்தது. 2017இல் வந்த 25ஆம் ஆண்டு நிறைவுக்காகப் பல சவாரிகளை மூடித் திருத்தினார்கள். பிக் தண்டர் மவுண்டன் மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தது.

ஆனால் மச்சாளின் மனக்குறை வேறு. முன்பு, நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரியில் ஏற உதவும் ஃபாஸ்ட்பாஸ் இலவசம். நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். 2021இல் அதற்குப் பதிலாக பிரீமியர் அக்சஸ் வந்தது. வரிசையைத் தாண்ட ஒவ்வொரு சவாரிக்கும் தனிக்காசு, அதுவும் நாளுக்கு நாள் மாறும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று யோசியுங்கள்! யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் யார் வந்தாலும் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். அப்படிப் பழகிய சனத்துக்கு, காசு கட்டியவர் முன்னால் போவதைப் பிள்ளையோடு நின்று பார்ப்பது உறுத்தாதா? எனக்கும் உறுத்துகிறது. சவாரிகள் கெடவில்லை, காத்திருப்பதில் இருந்த சமத்துவம்தான் போய்விட்டது.